இருப்புப்பாதைப் பணிமனையில் ஒரு பழகுநர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் இடைவிடாது கூடிப் பேசி வந்த ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். தமிழாசிரியை என்பதால் சங்கப் பாடல் ஒன்றையோ காப்பியக் காட்சி ஒன்றையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, இரயில் பணிமனைக்குத் தொழில் பழகச் சென்ற இளைஞன் ஒருவனின் அனுபவம். அரசு ஆவணங்களில் அவன் பெயர் தொழிற்பழகுநர். ஊர் வழக்கில் அப்ரண்டிஸ். அவன் கற்ற கல்விக்கும் நாம் எழுதும் கவிதைக்கும் என்ன உறவு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறார். மாணவரை அன்னம், பசு தொடங்கிப் பன்னாடை வரை உவமை காட்டித் தலை, இடை, கடை என வரிசைப்படுத்துகிறார். கற்கும் வழியாக அவர் காட்டுவது பெரிதும் செவி வழி. ஆசிரியர் சொல்வதைக் காதால் பருகி நெஞ்சில் நிறுத்த வேண்டும். இதை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். கையால் கற்கும் மாணவனைப் பற்றி அந்தப் பாயிரம் பேசவில்லை என்பது எனக்கு உறைத்தது சென்ற ஆண்டில்தான்.

புறநானூற்றில் பொன்முடியாரின் பாடல் ஒன்று (312) அவரவர் கடமையை ஒரு தாயின் கூற்றாகச் சொல்கிறது. மகனைப் பெறுவது தாய்க்கும், அவனைச் சான்றோன் ஆக்குவது தந்தைக்கும், வேலை ஆக்கித் தருவது கொல்லனுக்கும் உரியவை என்பது அதன் கருத்து. எத்தனையோ முறை அதற்கு உரை சொல்லியிருக்கிறேன். அந்தக் கொல்லன் யாரிடம் பயின்றான், எத்தனை வேல்களை வீணாக்கிய பிறகு ஒன்று சரியாக வந்தது என்று நான் கேட்டதில்லை. என் மாணவியரும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வி எழுந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது என் தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் கெட்டி அட்டையிட்ட நோட்டு ஒன்று இருந்தது. 1970-இல், பதினெட்டு வயதில், பள்ளி இறுதி வகுப்புத் தேறிய கையோடு அவர் ஓர் இரயில் பணிமனையில் பழகுநராகச் சேர்ந்தார். அந்த நாளில் வாரந்தோறும் எழுதி மேலாளரிடம் கையொப்பம் வாங்கிய பயிற்சிக் குறிப்பேடு அது. பென்சிலால் வரைந்த படங்கள்; அருகே சிறு சிறு ஆங்கில வாக்கியங்கள். ஒரு தமிழ் எழுத்தும் அதில் இல்லை. அவரும் அவருடைய மேஸ்திரியும் நாள் முழுதும் பேசியது தமிழ்தான். ஏட்டில் ஏறியது மட்டும் வேறு மொழி.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன். அவர் சொன்னவற்றுள் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் அவருக்குக் கிடைத்தவை ஓர் அரமும் ஓர் இரும்புத் துண்டும் மட்டுமே. துண்டின் ஆறு பக்கங்களையும் சமமாக அராவ வேண்டும். கேட்பதற்கு எளிது. அரத்தைத் தள்ளும்போது இரு கைகளின் அழுத்தமும் ஓட்டம் முழுவதும் மாறிக்கொண்டே வர வேண்டும். தொடக்கத்தில் முன் கை அழுத்தும். போகப் போக அழுத்தம் பின் கைக்கு மாறும். இல்லையேல் அரம் ஊஞ்சலாடி ஓரங்களைத் தின்றுவிடும். நடுவில் மேடு நின்றுவிடும். மேஸ்திரி வந்து மூலைமட்டத்தை இரும்பின் மேல் வைத்துச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். இடையில் வெளிச்சம் கசிந்தால் துண்டை மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அவர் பேசாமல் போனதுதான் அன்றைய பாடம். தந்தையார் தம் முதல் துண்டை இருபதுக்கு மேற்பட்ட முறை காட்டியிருக்கிறார். கடைசி முறை மேஸ்திரி அதைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். பாராட்டு அவ்வளவே.

அடுத்தது உளி. இரும்பை வெட்டும் உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது புதியவனின் கண் இயல்பாக உளியின் தலைக்குப் போகும். அடி தவறிக் கையில் விழுமோ என்ற அச்சம். கண் தலைக்குப் போனால் முனை வழி தவறும், அடியும் தவறும். "தலையப் பாக்காத தம்பி, முனையப் பாரு" என்பது மேஸ்திரி வாய் திறந்து சொன்ன மிகச் சில சொற்களில் ஒன்று. முனையைப் பார்த்தபடி, தலையைப் பாராமலேயே அதன் மேல் ஓங்கி அடிக்கக் கை பழக வேண்டும். பழகும் வரை இடது கைப் பெருவிரல் அதற்கு விலை கொடுக்கும். தந்தையாரின் அந்த விரல் நகம் இன்றும் கோணல்தான்.

கவிஞர்கள் மிகவும் விரும்பக்கூடியது உளிக்குப் பதம் ஏற்றும் முறை. உளியின் முனையை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, நுனியை மட்டும் நீரில் தோய்க்கிறார்கள். நுனி கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி போல் உடையும் கடினம் அது. உடனே எடுத்துக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். உளியின் உடலில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி இறங்கும். அப்போது தேய்த்த இடத்தில் நிறங்கள் ஓடி வரும்: முதலில் இளம் வைக்கோல் நிறம், பின்பு பழுப்பு, பின்பு ஊதா, அதன் பின் நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 230 பாகை செல்சியசு. நீலம் ஏறக்குறைய 300 பாகை. இரும்பு வெட்டும் உளிக்கு, ஊதா நுனியைத் தொடும் கணத்தில் மீண்டும் நீரில் முக்க வேண்டும். முந்தினால் முனை உடையும். பிந்தினால் முனை மழுங்கும். வெப்பமானி கிடையாது. நிறத்தைக் கண்டு கை இயங்க வேண்டும். "எப்படி அப்பா தெரியும்?" என்று கேட்டேன். "தெரியாதும்மா, வந்துடும்" என்றார். அறிவுக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பிறகு கொதிகலன் பிரிவு. நீராவி எஞ்சினின் நெருப்பறைக்கு உட்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, இடையில் தண்ணீர். ஆவியின் அழுத்தம் அச்சுவர்களைப் பிளந்துவிடாமல் நூற்றுக்கணக்கான கம்பிகள் இரண்டையும் பிணைத்திருக்கும். அவற்றுக்கு ஸ்டே என்று பெயர். ஸ்டேயின் நுனியில் நீள வாக்கில் ஒரு நுண்துளை இடுவதுண்டு. உள்ளே கம்பி முறிந்தால் அத்துளை வழியே ஆவி சீறி வெளிவரும். முறிவு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். துளை அடைத்துக்கொண்டால்? அதற்குத்தான் காது. ஒவ்வொரு ஸ்டேயையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல ஸ்டே ஒரு விதமாக ஒலிக்கும். முறிந்தது வேறு விதமாக ஒலிக்கும். வண்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பதும் இதே கலைதான். நல்ல சக்கரம் மணி போல் நீள ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மண்பானை போல் ஒலித்து அடங்கும். நம் மூத்த தலைமுறையினர் இரவில் வண்டி நின்ற நிலையங்களில் இந்த ஓசையைக் கேட்டிருப்பார்கள்.

இவ்வாறு காதைக் கூர்மையாக்கிய அதே இடம் காதைப் பறித்தும் கொண்டது. வெளியே ஒருவர் ஆணி அறைய, கொதிகலனுக்குள் ஒருவர் அமர்ந்து மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே தாங்கும் வேலை பெரும்பாலும் இளையவனுக்கே வரும். காதுக்குப் பஞ்சு மட்டுமே துணை. அங்கே பேச்சு பயன்படாது, கைச்சாடையே மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்கள் இத்தொழிலாளரின் செவிட்டுத்தன்மையை அறிந்திருந்தார்கள். என் தந்தையாருக்கு இப்போது ஒரு காது அறவே கேட்காது, மறுகாது மங்கிவிட்டது. நான் கத்திக் கேட்கிறேன். அவர் பல நேரங்களில் கையால் பதில் சொல்கிறார். அரம் தள்ளும் கை, உளி பிடிக்கும் விரல், ஆவியை நிறுத்தச் சொல்லும் உள்ளங்கை. அவர் அறிந்தவற்றுள் பாதி சொல்லாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நண்பர்களே, இது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. இதன் பின்னணியையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. பெரம்பூர்ப் பணிமனையும் அதே ஆண்டில் தோன்றியது. பீகாரின் ஜமால்பூரில் 1862-இல் பணிமனை எழுந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-இல் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்திற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5-இல் பொன்மலையில் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் துறந்தனர். இந்தப் பணிமனைகள் வெறும் தொழிற்கூடங்களாக இருக்கவில்லை. சிற்றூர்ப் பிள்ளைகள் எந்திரத்தையும் சங்கத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்ற பள்ளிகளாக இருந்தன.

பழகுநரிலும் இரு வகையினர் இருந்தனர். ஜமால்பூரில் 1927 முதல் சிறப்பு வகுப்புப் பழகுநர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைத் தேர்வு வைத்து எடுத்து, பணிமனையிலேயே அரத்தையும் சுத்தியலையும் பிடிக்கவைத்துப் பொறியாளர்களாக உயர்த்தும் ஏற்பாடு அது. அவர்களும் எண்ணெய்க் கறையில்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் செல்லும் இடம் அதிகாரியின் அறை. அத்தேர்வு 2015-க்குப் பிறகு நடத்தப்படவில்லை. மற்றவர் என் தந்தையாரைப் போன்ற தொழிற்பழகுநர்கள். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் தன் 18-ஆம் பிரிவில் இவர்களைப் பயிற்சி பெறுபவர் என்று சொல்கிறது; தொழிலாளர் அல்லர் என்றும் சொல்கிறது. அவர்கள் பெறுவது கூலி அன்று, உதவித்தொகை. ஒரு சொல்லின் பொருள் ஒரு வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இலக்கண மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. பயிற்சி முடித்தும் நிலையான வேலை கிட்டாத பழகுநர்கள் 2018 மார்ச் 20-இல் மும்பையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்து மறித்தார்கள். எந்தப் பாதையைப் பேணப் பயின்றார்களோ, அந்தப் பாதையில் போய் உட்கார்ந்தார்கள்.

இங்கிலாந்தில் வேறொரு முறை இருந்தது. வசதியுள்ள வீட்டார் பணம் கட்டிப் பிள்ளையைப் பழகுநராகச் சேர்ப்பார்கள். பிற்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய ஹென்றி ராய்ஸ், 1878-இல் பீட்டர்பரோ இரயில் பணிமனையில் அத்தை ஒருவரின் பண உதவியால் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளில் அந்தப் பணம் தீர்ந்தது. பழகுநர் காலம் முடியாமலேயே வெளியேறினார்.

அந்நாட்டிலிருந்து நம் வட்டத்துக்கு மிகவும் வேண்டிய மனிதர் மற்றொருவர். ஆல்ஃபிரட் வில்லியம்ஸ் என்பது அவர் பெயர். 1877-இல் சவுத் மார்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1892-இல் சுவிண்டன் இரயில் தொழிற்சாலையில் தறையாணிகளைக் காய்ச்சித் தரும் சிறுவனாக நுழைந்தார். முறையான பழகுநர் ஒப்பந்தம் இல்லாத ஏழை. சம்மட்டி எந்திரத்தின் அருகே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். இலத்தீனும் கிரேக்கமும் தாமாகவே கற்றார். உலையின் முகப்பில் கிரேக்க எழுத்துகளைச் சாக்கட்டியால் எழுதிவைத்து மனனம் செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1909-இல் முதல் கவிதைத் தொகுதி வந்தது. சம்மட்டிக் கவிஞர் என்று பெயர் பெற்றார். 1914-இல் உடல் நலிந்து வேலையை விட்டார். 1915-இல் இரயில் தொழிற்சாலை வாழ்க்கையைப் பற்றிய அவருடைய உரைநடை நூல் வெளிவந்தது. முதல் உலகப் போரில் படைவீரராக இந்தியாவுக்கு வந்தவர், பின்பு வடமொழியைக் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். அந்நூல் வெளிவந்த 1930-ஆம் ஆண்டிலேயே வறுமையில் மறைந்தார்.

அவரிடம் நான் கவனித்த ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். சம்மட்டிக் கவிஞர் என்று பெயர் பெற்றவர் தம் கவிதைகளில் பெரிதும் பாடியது கிராமத்தையும் வயலையும் ஆற்றையும்தான். உலையும் புகையும் கூச்சலும் அவரிடம் உரைநடையாகவே வந்தன. தம் கையறிந்த பொருள் கவிதைக்கு உரியதன்று என்று அவர் எண்ணினாரா, அல்லது கவிதை அதை ஏற்காது என்று அஞ்சினாரா? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தயக்கம் நம்மிடமும் இருக்கிறது. தமிழில் இரயில் நிறைய ஓடுகிறது. பிரிவுக்கு இரயில், பயணத்துக்கு இரயில், இரவின் தனிமைக்கு இரயில். நாம் எப்போதும் சன்னலோர இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறோம். இரயில்வே ஊழியரின் மகனான அசோகமித்திரன் செகந்திராபாத்தின் இரயில்வே குடும்ப வாழ்வைத் தந்தார். சக்கரத்துக்குக் கீழே குழியில் நின்று மேலே பார்ப்பவனின் கண்ணை என் வாசிப்பில் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

குற்றம் சாட்டுவதற்கு எனக்குத் தகுதியில்லை. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஃபிட்டர் என்று எழுதாமல் இரயில்வே அலுவலர் என்று எழுதியவள் நான். மாலையில் அவர் வந்து மண்ணெண்ணெயும் சவுக்காரமும் கொண்டு கை கழுவும்போது, தோழியர் வீட்டில் இருந்தால் அவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போவேன். பின்னர் முனைவர் பட்டத்துக்காக ஐந்து ஆண்டுகள் பழஞ்சொற்களின் பொருள் தேடி நூலகம் நூலகமாக அலைந்தேன். அகராதியில் ஏறாத நூறு சொற்கள் என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், இப்போது அவருக்குக் கேட்கவில்லை.

அந்தச் சொற்களின் கூட்டம் வியப்பானது. அரம், உளி, உலை, துருத்தி, இடுக்கி ஆகியவை நம் பழஞ்சொற்கள். மேஸ்திரியும் சாவியும் போர்ச்சுகீசியம் தந்தவை. மராமத்து அரபியிலிருந்து வந்தது. கலாசி வடக்கிலிருந்து வந்தது. ஸ்பேனரும் நட்டும் ஆங்கிலம். இவை எல்லாம் ஒரே வாக்கியத்தில் சண்டையின்றிச் சேர்ந்து உழைத்தன. நாம் மேடைகளில் எந்தச் சொல் தமிழ், எந்தச் சொல் அன்று என்று வாதிடும்போது, பணிமனை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொண்டது.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. என் தந்தையார் கொதிகலன் பழகி முடிக்கும் முன்பே, 1972-இல், சித்தரஞ்சன் ஆலை நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. இளமையைக் கொடுத்துக் கற்ற கலை, கற்று முடித்தபோதே பழையதாகிவிட்டது. டீசல் வந்தது, முப்பது வயதில் மீண்டும் பழகுநரானார். 1995-இல் அகலப்பாதையில் நீராவி ஓட்டம் முற்றாக நின்றது. ஆனால் 2011-இல், நீலகிரி மலைப்பாதைக்காகப் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்து அனுப்பியது. அந்தச் செய்தித்தாளைத் தந்தையார் மடித்து அதே நோட்டுக்குள் வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று நாம் கருதும் கலை மீண்டும் தேவைப்படும் நாள் வரும். அன்று அதைச் சொல்லித்தர யாராவது இருக்க வேண்டும்.

எனவே நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினொன்றாம் ஆண்டில் நம் ஒவ்வொருவரும் ஒரு தொழிலாளியிடம், அது இரயில் பணிமனையாகவே இருக்க வேண்டியதில்லை, தறியாகலாம், அச்சகமாகலாம், படகுத் துறையாகலாம், பழகுநராகச் சென்று அமர வேண்டும். கவிதைக்குப் பொருள் தேடிப் போகாதீர்கள். அப்படிப் போனால் உளியின் தலையைப் பார்ப்பவர்கள் ஆகிவிடுவோம். கருவியின் பெயர், அதைப் பிடிக்கும் விதம், அது தவறும் விதம், அந்தத் தவறுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். மாதந்தோறும் ஒருவர் படிக்கட்டும். கவிதை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் சொற்களாவது மிஞ்சும்.

என் பங்கை நான் தொடங்கிவிட்டேன். இதுவரை 140 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. போன ஞாயிறு பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் படித்தார். படித்து முடித்து, பதினேழாவது சொல்லுக்கு நான் எழுதியிருந்த பொருள் மேல் விரலை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பித் தந்தார். வெளிச்சம் கசிகிறது என்று பொருள். இந்த ஞாயிறு மீண்டும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.